பையன்கள் மறந்துவிடுவார்களா?
காதல் எதுவுமில்லாமல் ஓரிரவு மட்டும் உடலால் இணைந்த பிறகு கல்லூரிப் பெண்கள்தான் உடைந்துபோகிறார்கள், பையன்கள் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியைப் பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். கடலூரிலிருந்து வந்து முதுகலை படித்த ஒரு பையன் நான்கு நாள் சரியாகச் சாப்பிடாமல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியடியிலேயே கிடந்தான். விசாரித்தால், "எனக்கு விருப்பமே இல்லை ஆன்ட்டி, அறையில் இருப்பவர்கள் கேலி செய்தார்களே என்றுதான் ஒரு பெண்ணோடு அப்படிப் போனேன்" என்கிறான். அதற்கு முன்பு குடியிருந்த ஒரு பெண்ணோ, தானே விரும்பிப் பழகி, தானே முடித்துக்கொண்டு, வேலைக்கும் போய்விட்டாள். தீபாவளிக்கு இன்னும் போன் செய்கிறாள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றி ஆய்வாளர் ஸானா வ்ரங்கலோவா 2015-ல் வெளியிட்ட ஆய்வும் ஆணா பெண்ணா என்பதைவிட, எதற்காகப் போனார்கள் என்பதையே பெரிதாகக் காட்டியது: சொந்த விருப்பமில்லாமல் இணைந்தவர்களிடம்தான் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதல். அந்தக் கட்டுரைக்குக் கருத்தாக "எல்லாம் புதுச்சேரி மதுக்கடைகளின் வேலை" என்று எழுதியிருக்கும் நண்பருக்கு: அந்தக் கடலூர்ப் பையன் டீயைத் தவிர எதையும் தொட்டதில்லை. அவனை அதிகம் வாட்டியது, கடற்கரைச் சாலையில் ஊர்க்காரர் யாராவது தன்னையும் தன்னோடு வந்த பெண்ணையும் சேர்த்துப் பார்த்திருப்பார்களோ என்ற பயம்.