தலைக்கனம்

(மாமா, கேமரா மாட்டிய முக்காலியான டிரைபாடைக் கொண்டுவந்து வைக்கிறார். லென்ஸைத் தூக்கிப் பிடித்தபடி நாலு ரப்பர் பேண்ட்.)

மாமா: இந்தாடா மாப்பிள்ளை, உன் டிரைபாட். தலை நிற்காத சாமானையா இரவல் கொடுப்பாய்?

மருமகன்: பால் ஹெட் மாமா அது, எந்தப் பக்கமும் சாய்கிற உருண்டைத் தலை. நல்லாத்தானே இருந்தது?

மாமா: குளத்து மீனை அழகாகக் கட்டத்துக்குள் கொண்டுவந்து, திருகை இறுக்கிக் கையை எடுக்கிறேன். லென்ஸ் மெதுவாகத் தலை குனிகிறது, திட்டு வாங்கிய பையன் மாதிரி.

மருமகன்: எந்த லென்ஸ்?

மாமா: அந்த நீளமானது. 70-300 மி.மீ. ஜூம்.

மருமகன்: முன்பாரம். தலைக்கனம் இருந்தால் குனியத்தான் செய்யும். கொஞ்சம் மேலே பார்த்த மாதிரி வைத்து இறுக்கினால், இறங்கிச் சரியான இடத்தில் நிற்கும்.

மாமா: அந்தக் கணக்கெல்லாம் எதற்கு? ரப்பர் பேண்ட் போட்டேன், அசையவில்லை.

மருமகன்: (தலையில் கை வைத்து) சரி, லென்ஸ் முன்னால் மாட்டிய போலரைசர் பில்டராவது உதவியதா?

மாமா: அடடா! திருப்பத் திருப்ப, தண்ணீர் மேலிருந்த பளபளப்பு விலகி, அடியில் மீன் செதில் செதிலாகத் தெரிகிறது. நெட்டுவாக்கில் ஒன்று எடுப்போம் என்று ரப்பர் பேண்டைத் தளர்த்திக் கேமராவைச் சாய்த்தேன். மீனைக் காணோம்! தண்ணீரில் வெறும் வானம்.

மருமகன்: கேமராவோடு பில்டரும் 90 டிகிரி சாய்ந்துவிட்டதே. மறுபடி திருப்பணும்.

மாமா: மீன் பயந்துவிட்டது என்று நான் அரை மணி நேரம் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன்! அப்புறம் வானவில் வந்தது. கண்ணுக்குத் தெரிகிறது, கேமராவுக்குத் தெரியவில்லை.

மருமகன்: பில்டர் ஒரு நிலையில் வானவில்லை அழிக்கும். கால் சுற்று திருப்பினால் இன்னும் பளிச்சென்று காட்டும்.

மாமா: திருப்பினேனே. மரை கழன்று கையோடு வந்துவிட்டது. நல்லவேளை, குளத்தில் விழாமல் தொப்பை தாங்கிக்கொண்டது.

மருமகன்: எப்போதும் முறுக்கும் பக்கமாகவே திருப்பணும் மாமா.

மாமா: இனி கழலாது. பல்லைக் கடித்து முறுக்கிவிட்டேன்.

மருமகன்: ஐயோ! இருட்டப்போகிறது, அதைக் கழற்றியாகணும். ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கு மேல், வெளிச்சத்தை அதுவே தின்றுவிடும். (திருகிப் பார்க்கிறான்) முன்வளையம் சும்மா சுற்றுகிறது, லென்ஸில் முறுக்கிய பின்வளையம் அசையவே இல்லை.

மாமா: கொறடு கொண்டுவரட்டுமா?

மருமகன்: வேண்டவே வேண்டாம்! இரண்டு பக்கம் அழுத்தினால் வளையம் லேசாக நசுங்கி இன்னும் இறுகும். பின்வளையத்தைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, எல்லா விரலாலும் சமமாகப் பிடித்துத் திருகினால் வந்துவிடும். ஒன்று கொடுங்கள்.

மாமா: இருக்கிறதே இந்த நாலுதான்.

மருமகன்: அதில் ஒன்றுதான் மாமா.

மாமா: எடுத்தால் தலை...

(மருமகன் எடுத்துவிட்டான். லென்ஸ் மெதுவாகக் குனிகிறது.)

மாமா: பிடிடா, பிடிடா!