கம்பெனிச் சிப்பாயின் சிவப்பு எந்தச் சிவப்பு?

போன வாரம் ஒரு தம்பி பன்னிரண்டு சிப்பாய் பொம்மைகளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் வரிசையாக நிறுத்தினான். எல்லாம் 28 மில்லிமீட்டர் உயரம். 1801-இல் மருது சகோதரர்களோடு மோதிய கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் சென்னைச் சிப்பாய்கள். நல்ல கை அவனுக்கு, ஒரு பித்தான்கூடத் தவறவில்லை. ஆனால் கோட்டு அத்தனையும் தீயணைப்பு வண்டிச் சிவப்பு. "புட்டியில ஸ்கார்லெட்னு போட்டிருந்துச்சுண்ணே, அதான் அடிச்சேன்" என்றான்.

திண்ணையில் அவனிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து வண்ணம் எடுக்காதீர்கள். அந்தத் துணி எந்தச் சாயத்தில் முங்கியது, எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்று பார்த்து எடுங்கள்.

கம்பெனிக் காலத்துச் சிவப்புக் கோட்டில் இரண்டு சிவப்பு உண்டு. அதிகாரிகளின் கோட்டுக்குக் கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுத்த சாயம். விலை அதிகம், நிறம் கண்ணைப் பறிக்கும். சாதாரணப் படைவீரனின் கம்பளித் துணிக்கு மேடர் என்ற செடியின் வேர்ச்சாயம். நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டிக்கு அது நெருங்கிய உறவு. அதில் வருவது மங்கலான செங்கல் சிவப்பு. இரண்டு பேருக்கும் ஒரே புட்டியில் தூரிகையை முக்கினால், படையில் யார் ஏவியவர், யார் ஏவலுக்கு ஓடியவர் என்பதே தெரியாமல் போய்விடும்.

அப்புறம் இடம். நம் காரைக்குடிக்குப் பக்கத்துச் சிறுவயலிலிருந்து காளையார்கோவிலை நோக்கிக் காட்டை வெட்டிப் பாதை போட அந்தப் படை ஒரு மாதம் போல முயன்றது, முடியாமல் விட்டது. முள்ளும் செம்மண்ணும் ஆகஸ்ட் வெயிலும். அந்த ஒரு மாதத்துக்குப் பிறகு கோட்டு எப்படி இருந்திருக்கும்? தோளும் முதுகும் வெளுத்திருக்கும். மார்பில் குறுக்காகப் போன வெள்ளை வாரின் ஓரத்தில் மட்டும் பழைய சிவப்பு ஒளிந்திருக்கும். முழங்காலுக்குக் கீழே நம் மண்ணின் நிறம். நான் செய்வது இதுதான்: சிவப்போடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைப் பாதிக்குப் பாதி கலந்து அடிவண்ணம். தோளுக்கு மேல் அதிலேயே கொஞ்சம் காவி மஞ்சளும் துளி வெள்ளையும். வாருக்கு அடியில் கொஞ்சம் கருஞ்சிவப்பு. பெரிய கடை வண்ணம்தான் வேண்டும் என்பதில்லை. பொம்மைக்கென்றே வரும் வல்லேஹோ வண்ணம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் ஃபெவிக்ரில் அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிசாகக் கரைத்து இரண்டு மூன்று பூச்சாகக் கொடுத்தாலும் வரும்.

பொம்மையின் அளவையும் மறக்கக் கூடாது. 28 மில்லிமீட்டர் ஆளை இரண்டடி தூரத்தில் பிடித்துப் பார்ப்பது, உண்மையான ஆளை முப்பத்தைந்து மீட்டருக்கு அந்தப் பக்கம் பார்ப்பதற்குச் சமம். ஊரணியின் அக்கரையில் நிற்கும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கட்டியிருக்கும் கறுப்பு வேட்டி அங்கிருந்து சாம்பலாகத்தான் தெரியும். அதனால் சின்னப் பொம்மைக்குச் சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் நான் தொடுவதே இல்லை.

சரி, அந்தப் பளபளப்புச் சிவப்பு நம் கண்ணில் எப்படிப் பதிந்தது? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒருமுறை பழைய ஈயச் சிப்பாய் ஒன்று கிடைத்தது. இங்கிலாந்தில் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893-லிருந்து உள்ளீடற்ற ஈயத்தில் வார்த்த 54 மில்லிமீட்டர் பொம்மைகளின் சாயல். எனாமல் சிவப்பு இன்னும் மின்னுகிறது. அழகான பொருள், ஆனால் குழந்தை விளையாட அடித்த வண்ணம் அது. அதைப் பார்த்து 1801-ஐத் தீட்டக் கூடாது. (அப்படி ஒன்று உங்களுக்குக் கிடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், ஈயத் தூள் உடம்புக்கு ஆகாது.)

எனக்கு உண்மையிலேயே வலிப்பது மறுபக்கம். மருதுவின் ஆட்களை வரிசையாக ஒரே காவி, ஒரே பச்சை என்று சீருடை மாட்டித் தீட்டுகிறார்கள். மரியாதையாகத்தான் செய்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் கிராமம் கிராமமாகத் திரண்டு வந்தவர்கள், வேலும் வளரியும் கையில். சீருடை மாட்டியதும் அவர்கள் கம்பெனிப் பட்டாளத்தின் நகல் ஆகிவிடுகிறார்கள். ஒவ்வொரு ஆளையும் தனியாகத் தீட்டுங்கள். ஒருவனுக்குச் சலவை காணாத கோடித் துணியின் பழுப்பு வெள்ளை, அடுத்தவனுக்குத் துவைத்துத் துவைத்துத் தேய்ந்த வெள்ளை. ஒரு தலைப்பாகையில் சாயவேர்ச் சிவப்பு, இன்னொன்றில் அவுரி நீலம் வெளுத்துப்போய். ஐம்பது பேரை நிறுத்தினால் ஒரு ஊர்ச் சந்தை போல இருக்க வேண்டும்.

தோல் நிறத்துக்கும் இதே அக்கறை வேண்டும். 'ஃபிளெஷ்' என்று எழுதி வரும் புட்டியைத் திறந்தால் உள்ளே வெள்ளைக்காரனின் ரோஸ் நிறம். நம் ஆளுக்கு பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் காவி மஞ்சளும் துளி சிவப்பும் கலந்துகொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் அளவை மாற்றி. கருமை கூட்டக் கறுப்பைச் சேர்த்தால் முகம் சாம்பல் பூத்துச் செத்துப்போகும். கருநீலத்தில் ஒரு துளி போதும், உயிர் நிற்கும். கம்பெனிச் சிப்பாயும் நம் ஆள்தான், அவனுக்கும் இதே கலவைதான்.

தலைப்பாகையில் அவசரம் வேண்டாம். 1805-இல் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைச் சிப்பாய்கள் மேல் திணித்த கோபம் 1806 ஜூலை 10 வேலூரில் கலகமாக வெடித்தது. 1801 சிப்பாயின் தலையில் அதை வைத்தால் அந்தக் கோபத்துக்கே அர்த்தம் இல்லாமல் போகும்.

"யாருண்ணே இவ்வளவு பாக்கப்போறா?" என்று தம்பி கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. பெட்டகத்திலிருந்து அப்பத்தாவின் கண்டாங்கியை எடுத்து முற்றத்து வெளிச்சத்தில் விரித்தேன். 1801-க்கு அது சாட்சி இல்லை, அப்பத்தா உடுத்தியதுதான். ஆனால் நம் வெயில் பருத்தியை என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை. மடிப்பின் உள்ளே அரக்கு, வெளியே செங்காவி. ஒரே புடவை, ஒரே சாயம். அவன் பொம்மையை அந்த மடிப்பின் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் பன்னிரண்டையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனான், மறுபடி அடிக்க.

உங்கள் வீட்டுப் பெட்டகத்திலும் பழைய கைத்தறி இருக்கும். ஒரு மடிப்பை விரித்து, உள்ளும் புறமும் சேர்ந்து தெரிகிற மாதிரி, காலை வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். எத்தனை வருடத்துத் துணி என்றும் எழுதுங்கள். அடுத்த ஐம்பது பேருக்கு அதிலிருந்துதான் வண்ணம் கலக்கப் போகிறோம்.