குடும்பத்தையும் சேர்த்து எண்ணாதீர்கள்

2025 செப்டம்பரில் அமெரிக்காவில் வேலை பார்க்கத் தரும் தற்காலிக விசாவான எச்1பி-க்குப் போடும் புது மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று ட்ரம்ப் அறிவித்ததிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுக்களில் சண்டை ஓயவில்லை. ஊரிலிருந்து மாமாகூட போன் போட்டு, "நீயும் கட்டணுமாப்பா?" என்றார். எனக்கு அது இல்லை மாமா, நான் நிற்பது இங்கே நிரந்தரமாக இருக்க அனுமதி தரும் க்ரீன் கார்டு வரிசை என்றேன். என் ப்ரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் என் இடத்தைச் சொல்லும் தேதி, 2015. எந்தத் தேதிவரை முறை வந்திருக்கிறது என்று அரசு சொல்லும் விசா புல்லட்டின் மாதா மாதம் வந்ததும் ராசிபலன் மாதிரி திறந்து பார்ப்பேன். தேதி சில மாதம் முன்னால் நகரும், சில சமயம் பின்னாலும் போகும்.

வேலை வழியாக வருடத்துக்குக் கொடுப்பது சுமார் 1,40,000 க்ரீன் கார்டு. 1990-இல் சட்டம் போட்டபோது வைத்த எண். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதம்தான் உச்சவரம்பு. இந்தியாவுக்கும் அதே, ஐஸ்லாந்துக்கும் அதே. அதுவும் குடியுரிமை இல்லை, பிறந்த நாடுதான் கணக்கு. என் நண்பனின் மனைவி சிங்கப்பூரில் பிறந்தவர். அவர் கணக்கில் இவனுக்கும் கார்டு சீக்கிரமே வந்துவிட்டது. "ஜாதகம் பார்த்தப்ப இதையும் பார்த்திருக்கலாம்" என்று வீட்டில் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த 7 சதவீதத்தை எடுக்கும் மசோதா 2019 ஜூலையில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் மேலவையான செனட் வேறு வடிவில் நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்த காங்கிரஸின், அதாவது நாடாளுமன்றத்தின், பதவிக்காலமே முடிந்துபோனது. அப்போது செனட்டர் அலுவலகங்களுக்கு விடாமல் போன் அடித்தவர்களில் நானும் ஒருவன். இன்று அவ்வளவு உறுதியாகக் கேட்க மாட்டேன். மொத்த எண்ணிக்கை கூடாமல் வரம்பை மட்டும் எடுத்தால், எங்களோடு நைஜீரிய நர்ஸும் வருடக்கணக்கில் நிற்பார், அவ்வளவுதான்.

நான் கேட்பது இதுதான். அந்த 1,40,000-இல் மனைவி, கணவர், பிள்ளைகள் எல்லோரும் அடக்கம். இரண்டு பிள்ளை உள்ள ஒரு இன்ஜினியர் நான்கு இடம் எடுக்கிறார். வேலை பார்ப்பவரை மட்டும் எண்ணினாலே வரிசை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் நகரும். யார் பங்கிலும் கைவைக்க வேண்டியதில்லை.

"குறைந்த சம்பளத்துக்கு வந்து எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள்" என்கிறவர்களை நம் ஆட்கள் இனவெறியர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். நான் முதலில் சேர்ந்த கன்சல்டன்சி என்னை ஒரு கிளையன்ட் இடத்துக்கு அனுப்பியது. அங்கே யாருடைய வேலையை எடுக்கப் போகிறேனோ, அவரே ஆறு வாரம் உட்கார்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கடைசி நாளில் காபியும் வாங்கித் தந்தார். அதனால் எச்1பி-க்கு ஆள் தேர்ந்தெடுப்பதில் வெறும் குலுக்கலை விட்டு, அதிகச் சம்பளத்துக்கு முன்னுரிமை என்பது எனக்குச் சம்மதம்தான். திட்டுகிறவர்கள் திட்டலாம். ஆனால் நாங்கள் ஏன் சம்பளம் கூட்டிக் கேட்பதில்லை? வேலை போனால் கையில் இருப்பது 60 நாள். அதற்குள் அடுத்த கம்பெனி மனு போடவில்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். இப்படி இருக்கிறவன் என்ன பேரம் பேசுவான்?

மூன்று வயதில் இங்கே வந்த மகனுக்கு அடுத்த வருடம் 21. அதற்குள் என் தேதி வராவிட்டால் அவன் என் மனுவிலிருந்து கழன்றுவிடுவான். தனியாக மாணவர் விசா எடுக்க வேண்டும். அதற்கு, படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவேன் என்று காட்ட வேண்டுமாம். அவன் ஊர் என்று சொல்வது இந்த நியூஜெர்சியைத்தான்.

அடுத்த மாதம் எங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் மக்களைச் சந்திக்கும் டவுன்ஹால் கூட்டம் இருக்கிறது. பேச இரண்டு நிமிடம் தருவார்கள். 7 சதவீதத்தை விட்டுவிட்டுக் குடும்பக் கணக்கைத்தான் கேட்கப் போகிறேன். வருகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், என் காரில் மூன்று பேருக்கு இடம் உண்டு.