மூன்று புள்ளி வாங்கிய பாட்டு

யூரோவிஷன் முடிந்த மறுநாள் இணையத்தில் கொட்டும் அறிவுரைகளில் ஒன்று மட்டும் எனக்கு வருடா வருடம் எரிச்சலைக் கிளப்பும். "போர்ச்சுகல்காரன் இன்னும் தன் பாஷையிலேயே பாடிக்கொண்டிருந்தால் எவன் ஓட்டுப் போடுவான், பேசாமல் ஆங்கிலத்துக்கு மாறிவிட வேண்டியதுதானே" என்கிற ரகம். 2025இல் அவர்கள் 21ஆம் இடம் வந்தபோதும் இதையேதான் படித்தேன். அப்போது எழுத நினைத்து விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1956இலிருந்து ஐரோப்பிய ஒளிபரப்பு நிறுவனங்கள் கூடி நடத்தும் பாட்டுப் போட்டி இது. நாட்டுக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த மற்ற நாடுகளின் பாட்டுகளுக்கு 12, 10, அப்புறம் 8இலிருந்து 1 வரை புள்ளி போடும். தன் பாட்டுக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது.

போர்ச்சுகல் முதன்முதலில் கலந்துகொண்டது 1964இல். வாங்கிய புள்ளி பூஜ்யம். அதற்குப் பிறகும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, 1996இல் வந்த ஆறாம் இடம்தான் 2017 வரைக்கும் அவர்களுடைய உச்சம். 1999இல் எந்த மொழியில் வேண்டுமானாலும் பாடலாம் என்று விதியைத் தளர்த்தியதும் ஸ்வீடன் உட்படப் பெரும்பாலான நாடுகள் ஆங்கிலத்துக்குத் தாவின. போர்ச்சுகல் நடுவில் சில வருடம் அங்கங்கே ஆங்கில வரிகளைக் கலந்து பார்த்ததோடு சரி. மற்றபடி சொந்த மொழிதான், தோல்விதான், நடுவில் சில வருடம் போட்டிக்கே வராமல் இருந்ததும் உண்டு. 2016இல் கூட வரவில்லை.

அடுத்த வருடம் உக்ரைனின் கீவ் நகரத்தில் இறுதிச் சுற்று. நம் நேரத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஆரம்பம். வீட்டில் எல்லாரும் தூங்கியாகிவிட்டது, நான் மட்டும் லேப்டாப்பும் ஹெட்போனுமாக. வரிசையாக எல்லாரும் புகை, தீ, ஒளிவெள்ளம், பின்னால் ஆட்டம் என்று அமர்க்களம் பண்ணிக்கொண்டிருக்க, போர்ச்சுகலின் பாடகர் சல்வதோர் சோப்ரால் பெரிய மேடையை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு நடுவில் இருந்த சின்ன வட்ட மேடையில் வந்து நின்றார். இரவல் வாங்கியது போலத் தொளதொளவென்று ஒரு கறுப்புக் கோட்டு, பின்னால் சின்னதாகக் கொண்டை. கண்ணை மூடிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, காற்றில் எதையோ பிடிக்கப் பார்ப்பது போல விரல்களை முறுக்கிக்கொண்டு பாடினார். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அம்மா திரையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இந்தத் தம்பிக்கு என்ன ஆச்சு, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்.

நிஜமாகவே முடியவில்லை. இதயக் கோளாறு. கீவுக்குச் சீக்கிரமே போக முடியாமல், ஆரம்ப ஒத்திகைகளில் அவருக்குப் பதிலாக அக்கா லூயிசாதான் நின்று பாடியிருந்தார். பாட்டை எழுதி மெட்டமைத்ததும் லூயிசாவே. 'அமார் பெலுஷ் தோய்ஷ்', அதாவது இரண்டு பேருக்கும் சேர்த்து நானே காதலித்துவிடுகிறேன் என்கிற மாதிரியான பேச்சு. வால்ட்ஸ் தாளம், பியானோ, வயலின்கள், பழைய ஜாஸ் வாடை. முழுக்க முழுக்கப் போர்ச்சுகீசியம். 758 புள்ளி! நடுவர்கள் 382, மக்கள் 376, இரண்டு பட்டியலிலும் முதலிடம். ஆங்கிலம் ஒரு சொல்கூட இல்லாத பாட்டு ஜெயித்து அப்போது பத்து வருடம் ஆகியிருந்தது, அதற்கு முன்னால் 2007இல் செர்பியா. பரிசு வாங்கியதும் மைக்கைப் பிடித்து, இசை என்பது வாணவேடிக்கை இல்லை, உணர்ச்சி என்று ஒரு போடு போட்டார். மற்ற போட்டியாளர்களை வைத்துக்கொண்டே இப்படிப் பேசலாமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கும் அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத்தான் பட்டது, வாணவேடிக்கையும் ஒரு சந்தோஷம்தானே. அந்த டிசம்பரில் அவருக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. 2018 மே மாதம், அடுத்த யூரோவிஷன் நடந்த லிஸ்பன் மேடையில் திரும்பப் பாடினார்.

"பார்த்தீர்களா, தாய்மொழியில் பாடினால் ஜெயிக்கலாம்" என்று சொல்லத்தான் இந்தக் கதையை எடுத்தேன் என்று நினைத்தால், இல்லை. அதே லிஸ்பனில், தன் சொந்த மண்ணில், அதே மொழியில் பாடி 26 நாடுகளில் போர்ச்சுகல் கடைசி இடம். அதுவும் நல்ல பாட்டுதான். ஆக மொழி ஜெயிக்கவும் வைக்காது, தோற்கவும் வைக்காது. நான் சொல்ல வந்தது வேறு, அதற்கு 1974க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் ஏப்ரல் 6, இங்கிலாந்தில் பிரைட்டன். ஸ்வீடனின் 'அப்பா' (ABBA) இசைக்குழு 'வாட்டர்லூ' பாடி ஜெயித்து உலகப் புகழ் அடைந்த அதே இரவு. பதினேழு நாடுகள். பவுலோ தே கார்வால்யோ என்பவர் போர்ச்சுகலுக்காக 'இ தெப்போய்ஷ் தோ அதேயுஷ்' என்று ஒரு பிரிவுப் பாட்டைப் பாடி மொத்தம் மூன்றே மூன்று புள்ளி வாங்கினார். நார்வே, மேற்கு ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகியவற்றோடு சேர்ந்து கடைசி இடம்.

பதினெட்டு நாள் கழித்து, ஏப்ரல் 24 இரவு 10:55க்கு, லிஸ்பன் வானொலி ஒன்றில் அந்தப் பாட்டு ஒலித்தது. முகாம்களில் காத்துக்கொண்டிருந்த ராணுவ அதிகாரிகளுக்கு 'தயாராகு' என்கிற சைகை அது. அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவு என்று முடிவே இல்லாத காலனிப் போர்களில் சலித்துப்போன நடுத்தர அதிகாரிகள் போட்ட திட்டம். நள்ளிரவுக்குப் பிறகு ஜோசே அஃபோன்சோ என்கிற பாடகரின் பாட்டு இரண்டாவது சைகையாக வந்தது, டாங்கிகள் கிளம்பின. விடிந்தபோது சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் ஜனங்கள் கார்னேஷன் பூவைச் செருகிக்கொண்டிருந்தார்கள். 48 வருட சர்வாதிகாரம் ஒரே நாளில் போய்விட்டது.

முதல் சைகைக்கு ஏன் அந்தப் பாட்டு? அது வெறும் காதல் பாட்டு. அரசியல் வாடையே கிடையாது, தணிக்கைக்காரனுக்கு அதில் பிடுங்க ஒன்றுமில்லை. யூரோவிஷனுக்குப் போய்வந்த பாட்டு என்பதால் அன்றைக்கு வானொலியில் அதைப் போட்டால் எவனும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். ஐரோப்பா மூன்று புள்ளி போட்ட பாட்டு, ஊரில் எல்லார் காதிலும் இருந்த பாட்டு. 758ஐ விட எனக்கு இந்த மூன்றுதான் பெரிசு, சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

சரி, ஆங்கிலத்துக்கு மாறித்தான் பார்த்தார்களா என்றால், அதுவும் பார்த்தார்கள். 2021இல் முதல்முறையாக முழுக்க ஆங்கிலப் பாட்டு, பன்னிரண்டாம் இடம். மோசமில்லை. ஆனால் அந்த வருடம் கோப்பையைத் தூக்கியது இத்தாலிய மொழியில் கத்திய இத்தாலிக்காரர்கள்!

2025க்கு வருகிறேன். போர்ச்சுகலுக்காகப் பாடியது நாப்பா என்கிற குழு, அந்நாட்டின் மடெய்ரா தீவிலிருந்து வந்த பையன்கள். பாட்டின் பேர் 'தெஷ்லுக்காதோ', இடம்பெயர்ந்தவன். தீவை விட்டு லிஸ்பனுக்கு வந்தவன் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு ஊருக்குப் போகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான். மேடையிலும் வித்தை எதுவும் காட்டவில்லை, கிடாரும் கையுமாக நின்று பாடிவிட்டுப் போனார்கள். 21ஆம் இடம்தான். ஆனால் அவர்கள் ஊரில் பெரிய ஹிட். ஆங்கிலத்தில் பாடியிருந்தால் 15ஆம் இடம் வந்திருக்கலாம் என்று ஒருத்தர் கணக்குப் போட்டு எழுதியிருந்தார். வந்து?