எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்

டாக்டர் எழுதிக் கொடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டு மூன்று மாதமாக என் பர்ஸில் மடித்தபடி கிடக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் ஊசி தொடங்குவதற்கு முன் எடுக்க வேண்டியது. நான் திருநம்பி, பிறந்தபோது பெண் என்று சொல்லப்பட்ட ஆண். எட்டாவது படிக்கும்போதே எனக்கு அது தெரியும், அதில் குழப்பமே இல்லை. ஊசி போடுவதா, போட்டால் எப்போது என்பதுதான் யோசனை.

வீட்டில் இதை வைத்து நம்பிக்கை வளர்க்கிறார்கள். "தள்ளிப் போடறான்னா மனசு மாறுதுன்னு அர்த்தம்" என்று அம்மா அத்தையிடம் போனில் சொன்னது என் காதில் விழுந்தது. இந்தப் பக்கம், கூட இருக்கும் நண்பர்களோ, "பயந்துட்டியா?" என்கிறார்கள். இரண்டு பேச்சும் ஒரே இடத்தில்தான் வலிக்கிறது. நான் யோசிப்பதை யோசனையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

யோசிக்காமல் எப்படி? குரல் உடைந்தால் உடைந்ததுதான், ஊசியை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது. மீசை தாடியும் அப்படித்தான். மாதவிலக்கு பெரும்பாலும் நின்றுவிடும், ஊசியை விட்டால் மறுபடி வரலாம். இரத்தம் கெட்டியாகிவிடாமல் அவ்வப்போது சோதித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் கருமுட்டை சேமிப்பதை முன்னாடியே பேசிவிடச் சொன்னார் டாக்டர். அவர் அவசரப்படுத்தவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காக அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

என்னைப் பிடித்து வைத்திருப்பது குரல்தான். காங்கயம் பக்கத்தில் இருக்கும் அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, இப்போது கண் சுத்தமாகத் தெரியாது. திருப்பூரிலிருந்து பஸ் ஏறிப் போய் வாசலில் நின்று "அம்மிச்சி" என்றால் போதும், "வந்துட்டியா சாமி" என்று கட்டிலில் எழுந்து உட்காருவார். அப்பா என்னை அம்மணி என்று கூப்பிடும்போதெல்லாம் உடம்பு கூசும். அம்மிச்சிக்கு ஆணோ பெண்ணோ எல்லாப் பேரப்பிள்ளைகளும் சாமிதான். அந்தக் குரல் போன பிறகு வாசலில் நிற்பது யாரென்று அவருக்கு எப்படித் தெரியும்? இது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: பாலின அடையாளம் அவரவர் உணர்வது, அதை ஏற்க அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது. ஊசி போடாவிட்டாலும் நான் திருநம்பிதான். "கவுன்சிலிங் கொடுத்தா சரியாயிடும்" என்று மாமா ஒரு விலாசம் கொண்டுவந்தார். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த 'சரி செய்யும்' வேலையைத் தடை செய்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு மாமா என்னோடு பேசுவதில்லை. சரி, இருக்கட்டும்.

வீட்டார் கணக்கு வேறு. தை மாதம் தம்பிக்குக் கல்யாணம், எங்கள் கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சகோதரி செய்யும் சடங்கான இணைச்சீருக்குக் கூடப்பிறந்தவள் வேண்டும். "அதுவரைக்குமாவது பொறு" என்கிறார்கள். யாருடைய முகூர்த்தத்துக்காகவும் நான் ஊசியைத் தள்ளிப் போட மாட்டேன். சேலை கட்டி அந்தச் சீரில் நிற்கவும் என்னால் முடியாது. பெரியப்பா மகளைக் கேட்கச் சொல்லித் தம்பியிடம் நேற்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "வேட்டி கட்டிட்டு வருவீல்ல?" என்றான்.

அது முடிவாகிவிட்டது. சீட்டு இன்னும் பர்ஸில்தான் இருக்கிறது.