"ஆள் இறங்கணும் சார்"

2019 பிப்ரவரி 24 அன்று பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமர் ஐந்து தூய்மைப் பணியாளர்களின் காலைக் கழுவினார். படம் வந்த அன்று இரவே நான் இங்கே ஒரு பதிவு போட்டேன். காலைக் கழுவியது போதும், குழிக்குள் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற ரீதியில். விருப்பக்குறிகள் குவிந்தன. எனக்கே என்மீது கொஞ்சம் பெருமைதான்.

இந்த பிப்ரவரியில் முகநூல் அதை 'நினைவுகள்' என்று தூக்கிக் காட்டியது. பகிரப் போன விரலை இழுத்துக்கொண்டேன். காரணம், அந்தப் பதிவு போட்டு மூன்று வாரத்தில் எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் நிறைந்தது. அந்தக் கதையை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

எங்கள் பகுதி 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. பெயர்தான் மாநகராட்சி, எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை கிடையாது. டேங்க் நிறைந்தால் லாரிக்குச் சொல்ல வேண்டியதுதான். டேங்க் கட்டி 11 வருஷம், ஒருமுறைகூடத் திறந்ததில்லை. லாரி வந்தது, டிரைவரும் இன்னொருவரும். மேலே இருந்த தண்ணீரை ஓஸ் இழுத்துவிட்டது. அப்புறம் மோட்டாரை நிறுத்திவிட்டு டிரைவர் சொன்னார்: "அடியில வண்டல் இறுகிக் கெடக்கு. ஓஸு இழுக்காது. ஆள் இறங்கணும் சார். ஆயிரத்தைந்நூறு தனியா ஆவும்."

நான் பேரம் பேசினேன். 1,200க்கு முடிந்தது.

மூடியைத் திறந்து அரை மணி நேரம் போட்டு வைத்தார்கள். அதுதான் அத்தனை பாதுகாப்பும். இறங்கப் போகிறவர் 'செலவுக்கு' என்று தலையைச் சொறிந்தார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று தெரிந்ததால் எரிச்சலோடு 200 ரூபாய் கொடுத்தேன். சட்டையைக் கழற்றி மாமரக் கிளையில் தொங்கவிட்டுவிட்டு இறங்கினார். கையுறை இல்லை, முகமூடி இல்லை, இடுப்பில் கயிறு இல்லை. நான் காம்பவுண்டு சுவர் பக்கம் தள்ளி நின்றுகொண்டேன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

ஏறி வந்து தெருக்குழாயில் குளித்தார். அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார்: "டேய், டீ போட்டிருக்கேன். கொலுவுக்கு வாங்கின பேப்பர் கப்பு எங்கடா வச்ச?" நான் தேடி எடுத்துக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் எலெக்ட்ரீஷியன் வந்தால் டம்ளரில்தான் டீ. அம்மாவைக் குறை சொல்லி எழுதுவது சுலபம். தேடி எடுத்துக் கொடுத்த கை என்னுடையது.

அவர் பெயரை நான் கேட்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகுதான் படித்தேன். அதாவது, அரசை விமர்சித்து எழுதியபோது படித்திருக்கவில்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, எந்த நபரும், எந்த உள்ளாட்சி அமைப்பும், எந்த நிறுவனமும் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 'எந்த நபரும்' என்ற இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டேன். அதில் லாரிக்காரரும் உண்டு, நானும் உண்டு.

வீடுகளில் இப்படி நடப்பதற்கு டேங்கைப் பற்றிய நம் அறியாமையும் ஒரு காரணம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துவிட்டால் வண்டல் இறுகாது, ஓஸே இழுத்துவிடும். நாம் டேங்கைப் பெரிதாகக் கட்டி, பத்து வருஷம் கவலையில்லை என்று மேலே டைல்ஸும் ஒட்டிவிடுகிறோம். பத்தாவது வருஷம் ஒருவர் இறங்க வேண்டியிருக்கிறது. உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தேங்கியிருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது, அடுத்து நினைவு தப்பும். மேலே நிற்பவர் மயங்கியவரைத் தூக்க இறங்குவார், அவரும் விழுவார். செய்திகளில் ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

சரி, தேசிய அரசியலுக்கு வருகிறேன். 2021இல் நாடாளுமன்றத்தில் கேட்டபோது ஒன்றிய அரசு சொன்ன பதில், மனிதக் கழிவை மனிதர் அள்ளும் தொழிலால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்பது. அப்படியென்றால் குழிக்குள் செத்தவர்கள்? அவர்கள் 'சாக்கடை, செப்டிக் டேங்குகளை ஆபத்தான முறையில் சுத்தம் செய்ததால்' இறந்தவர்களாம். அது வேறு கணக்கு. அந்த வேறு கணக்கில் 2019 முதல் 2023 வரை 300 பேருக்கு மேல். அதே 2021இல் அரசே கொடுத்த இன்னொரு புள்ளிவிவரம்: இந்தத் தொழிலில் இருப்பதாக அடையாளம் காணப்பட்டவர்கள் 58,098 பேர். சாதி விவரம் கிடைத்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதியினர். யார் இறங்குகிறார்கள் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

வார்த்தையை மாற்றிச் சாவை மறைக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் என் வீட்டு வாசலில் நானும் வார்த்தைக்குப் பின்னால்தான் ஒளிந்தேன். ஒரு மனிதரை மலக்குழிக்குள் இறக்கு என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. 'ஆள் இறங்கணும்' என்றார்கள். அந்த 'ஆள்' என்ற சொல்லில் முகம் இல்லை. அதனால்தான் பேரம் பேச வந்தது.

இந்த இடத்தில் ஒரு தரப்பு நண்பர்கள், "பார்த்தீங்களா, மக்கள் திருந்தணும், அரசைக் குறை சொல்லி என்ன ஆகப்போகுது" என்று கிளம்புவார்கள். அவர்களோடு நான் இல்லை. 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா தொடங்கியது. கோடிக்கணக்கில் கழிப்பறைகள் கட்டினார்கள், அது நல்லதுதான். அந்தக் கழிப்பறைகளின் தொட்டிகள் நிறைந்தால் எந்த இயந்திரம் வரும் என்பதற்கு அதே வேகத்தில் பதில் வரவில்லை. 1993இலிருந்து கணக்கெடுத்தால் சாவு எண்ணிக்கையில் நம் தமிழ்நாடு பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கிறது. டெல்லியை மட்டும் திட்டிவிட்டுத் தூங்கப் போக முடியாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தி, இந்த வேலையையே முற்றாக ஒழிக்கச் சொன்னது. இயந்திரம் வாங்குவதும் வழக்கு நடத்துவதும் நான் செய்யக்கூடிய காரியங்கள் இல்லை. அதற்குத்தான் வரி கட்டுகிறேன், ஓட்டுப் போடுகிறேன். ஆனால் மாமரத்தடியில் நின்று 1,500ஐ 1,200 ஆக்கியது எந்தக் கட்சியும் இல்லை.

எங்கள் தெருவில் எதிர்வீட்டு அண்ணன் தீவிர மோடி ஆதரவாளர். பக்கத்து வீட்டு சார் மூன்று தலைமுறைக் கழகக்காரர். நான் இரண்டு பேரோடும் சண்டை போடுகிற ரகம். டேங்க் நிறைந்தால் மூன்று பேரும் ஒரே லாரிக்காரருக்குத்தான் போன் செய்தோம், ஒரே மாதிரிதான் பேரம் பேசினோம். எங்கள் தெருவில் முழு ஒற்றுமையோடு ஏற்பட்ட ஒரே கூட்டணி அதுதான்.

நடுவில் ஒருமுறை டேங்க் நிறைந்தபோது லாரியோடு முடிந்துவிட்டது. இந்த ஜனவரியில் மறுபடியும் அதே வசனம். வேறு டிரைவர். "ஆள் இறங்கணும் சார்." வேண்டாம் என்றேன். "அப்ப பாதி அப்படியே நிக்கும், ஆறு மாசத்துல திரும்பக் கூப்பிடுவீங்க" என்றார். தண்ணீரை நிரப்பி ஒரு ராத்திரி ஊறவிட்டு, மறுநாள் பிரஷர் ஓஸால் கலக்கி உறிஞ்ச முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் இரண்டு லோடு, 2,500 ரூபாய் கூட ஆகும் என்றார். அப்படியென்றால் 2019லும் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. குடும்பத்தோடு ஒருநாள் வெளியே பிரியாணி சாப்பிட ஆகிற காசு.

ஏற்கெனவே இறுகியதில் கொஞ்சம் அடியிலேயே நின்றுவிட்டது. எதிர்வீட்டு அண்ணன், "உனக்கெல்லாம் காசு ஜாஸ்தி தம்பி" என்று சிரித்தார். அவர் டேங்க் இன்னும் எடுக்கவில்லை. எடுக்கும்போது போய்ப் பேச வேண்டும். பேசுவேனா தெரியவில்லை. தெருவில் முகம் முறிவது ஃபேஸ்புக்கில் எழுதுவது மாதிரி இல்லை.

அன்று வேலை முடிந்ததும் நானே டீ போட்டு மூன்று டம்ளரில் எடுத்துக்கொண்டு போனேன், எனக்கும் சேர்த்து. டிரைவர் எடுத்துக்கொண்டார். ஓஸைச் சுருட்டிக்கொண்டிருந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். டம்ளரைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், கையை பனியனில் துடைத்துக்கொண்டான்.

"பேப்பர் கப்பு இருந்தா அதுல குடுங்க சார்" என்றான்.