லா ஹேரியாவின் திராட்சைப் பள்ளங்கள்

ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேவுக்குச் செல்பவர்களில் பலர், காலையில் திமன்ஃபாயா எரிமலைப் பூங்காவைப் பேருந்தில் சுற்றிவிட்டு, திரும்பும் வழியில் லா ஹேரியா என்ற திராட்சைத் தோட்டப் பகுதியில் ஒரு மணி நேரம் ஒயின் சுவைத்துவிட்டுப் போகிறார்கள். பூங்கா வேறு, ஒயின் வேறு என்று பிரித்துப் பார்க்கும் இந்த வழக்கம் தவறு என்பது, அங்கே ஒரு குடும்பம் நடத்தும் சிறிய தோட்டத்தில் ஒரு பகல் முழுவதையும் கழித்தபின் எனக்கு உறுதியாயிற்று.

1730 செப்டம்பரில் தொடங்கிய எரிமலை வெடிப்புகள் 1736 வரை நீடித்தன. நல்ல விளைநிலங்களும் ஊர்களும் உட்பட, தீவின் ஏறத்தாழ கால் பங்கு தீக்குழம்பிலும் சாம்பலிலும் புதைந்தது. ஆண்டுக்குச் சுமார் 150 மில்லிமீட்டரே மழை பெறும் அந்த நிலத்தில், உழவர்கள் சாம்பலைத் தோண்டி, அடியில் கிடந்த பழைய மண்ணை எட்டி, அதில் திராட்சையை நட்டார்கள். அந்த முறை இன்றும் தொடர்கிறது. சில பள்ளங்கள் மூன்று மீட்டர் ஆழம். ஒவ்வொன்றிலும் ஒன்றிரண்டு கொடிகள். வடகிழக்குக் காற்றைத் தடுக்க விளிம்பில் அரைவட்டக் கற்சுவர்.

தோட்டத்துப் பெரியவர் ஒரு பள்ளத்தின் சரிவில் அமர்ந்து, கரிய எரிமலைச் சரளையை விரல்களால் விலக்கி, "கையை உள்ளே விட்டுப் பாருங்கள்" என்றார். மேலே சுட்டது, ஒரு சாண் கீழே ஈரம் விரலில் ஒட்டியது. இரவில் படியும் ஈரத்தை உறிஞ்சி, பகல் வெயிலில் ஆவியாகாமல் மூடிவைப்பது வயல்களைப் புதைத்த அதே சாம்பல்தான். பள்ளங்களுக்குள் இயந்திரம் இறங்காது என்பதால், அறுவடையில் ஒவ்வொரு குலையையும் கையால் வெட்டிக் கூடையில் சுமந்து மேலேற்றுகிறார்கள். அவர் மகள் ஊற்றித்தந்த, மால்வசியா என்ற திராட்சை வகையின் ஒயினை அதன்பின் சுவைத்தபோது, அந்த உழைப்பை நினைக்காமல் ஒரு மிடறுகூட விழுங்க முடியவில்லை.

அருகிலுள்ள எல் குவெர்வோ எரிமலை, 1730இன் அந்த முதல் நாட்களில் பிறந்தது. உடைந்த பக்கச் சுவர் வழியாக அதன் வாய்க்குள்ளேயே நடந்து போகலாம். காலடியில் நெரிபடுவது தோட்டத்தில் நான் தொட்டதைப் போன்ற கரிய சரளை. கடலோரத்தில் எல் கோல்ஃபோவின் பச்சை நீர்க் குட்டையும் அழகானது, ஆனால் அதற்கு அரை மணி நேரம் போதும்.

எனக்கு உண்மையாகவே வலித்தது ஒன்று உண்டு. படம் எடுப்பதற்காகச் சிலர் பள்ளங்களுக்குள் இறங்குகிறார்கள். ஒருவர் இறங்கினால் சரளை சரிந்து கொடியின் அடியை மூடுகிறது, சாந்தில்லாமல் அடுக்கிய கற்கள் நகர்கின்றன. அதைச் சீராக்குவதும் அந்தக் குடும்பத்தின் கைகள்தான். அங்கே செல்பவர்கள் போட்ட பாதையை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். ஒரே நாளில் நான்கு இடங்களில் சுவைப்பதைவிட, ஒரே குடும்பத்திடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டு, புறப்படும்போது அவர்களிடமே ஒரு புட்டி வாங்குங்கள். திமன்ஃபாயாவை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம். சூடான நிலத்துக்குள் இறக்கிய குழாயில் ஊற்றிய நீர் நொடியில் ஆவியாகப் பீறிட்டு எழுவதை அங்கே காணும்போது, அந்தக் கொடிகள் எதன்மேல் நிற்கின்றன என்பது அப்போதுதான் முழுதாகப் புரியும்.